டெக்கைத் தூக்கிக்கொண்டு கீழே வா

அம்மாபேட்டை, சேலம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. மழை விடாமல் பெய்வதாகவும் மிளகு இந்த வருடம் நன்றாகப் பிடித்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். படிக்கவே சந்தோஷமாக இருந்தது. தங்கச்சியின் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது? இங்கே கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா முடிந்து ஊர் ஓய்ந்துவிட்டது. சின்னவள் வேலை கிடைத்துக் கோயம்புத்தூர் போய்விட்டாள். வீட்டில் இப்போது நானும் உன் தங்கச்சியும்தான்.

பரணைச் சுத்தம் செய்தபோது அப்பாவின் பழைய வீடியோ கேசட் டெக்கும் பதினோரு கேசட்டும் கிடைத்தன, புது டிவியின் பின்னால் அதைச் செருக இடமே இல்லை, என்ன செய்ய என்று கேட்டிருந்தாய். வழி இருக்கிறது, சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று: அந்தக் கேசட்டுகளில் எதையும் இப்போது டெக்கில் போடாதே. ஆசையாகத்தான் இருக்கும். இருந்தாலும் போடாதே.

ஏற்காட்டு ஈரம் உனக்குத் தெரியாததில்லை. பெட்டியில் வைத்த செருப்பிலேயே பூஞ்சை பிடிக்கும். கேசட்டின் கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்து உள்ளே சுருளைப் பார். மாவு தூவியதுபோல வெள்ளையாகவோ நூல் நூலாகவோ தெரிந்தால் அது பூஞ்சை. அதை ஓட்டினால் டேப்பிலிருந்து படத்தைப் படிக்கிற ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும், அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டுக்கும் பரவும். அந்த ஹெட் பதித்த, டெக்குக்குள் இருக்கும் டிரம் நொடிக்கு 25 சுற்று சுற்றுகிறது. அரை அங்குல டேப் அதை உரசிக்கொண்டேதான் போகிறது. ரப்பர் பெல்ட் இளகிப்போயிருந்தால் டேப்பை வெளியே விடாமல் உள்ளேயே கசக்கிவிடும். கடைசிவரை வீசிஆர், அதாவது இந்த டெக், செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. ஆனாலும் தேடினால் பழைய டெக் ஒன்று கிடைத்துவிடும். உன் அக்கா கல்யாணக் கேசட்டுக்கு நீ எங்கே போவாய்?

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. போன சித்திரையில் எங்கள் அண்ணன் கல்யாணக் கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். 1991ல் எடுத்தது.

முதலில் இணைப்பைச் சொல்கிறேன். நம் தெருவில் டெக் வாடகைக்கு எடுத்துப் படம் பார்த்த ராத்திரிகள் ஞாபகம் இருக்கும். கலர் டிவியும் டெக்கும் தள்ளுவண்டியில் வரும். தறிக்காரர் வீட்டுத் திண்ணையில் வைத்து மூன்று படம் ஓட்டி முடிக்கும்போது விடிந்திருக்கும். அப்போது ஆன்டெனா ஒயரை டெக்கின் பின்னால் செருகி, டெக்கிலிருந்து இன்னொரு ஒயரை டிவிக்குக் கொடுத்து, ஒரு சேனலை டெக்குக்கென்று ட்யூன் செய்வார்கள். படமும் சத்தமும் அந்த ஒரே ஒயரில் சேர்ந்து போகும். நீ டார்ச் பிடிப்பாய், நான் டிவி முன்னால் நின்று "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று கத்துவேன்.

அந்த வழியை இப்போது விட்டுவிடு. டெக்கின் பின்னால் மஞ்சளாக ஒரு பின் இருக்கும், அது படம். பக்கத்தில் வெள்ளையோ சிவப்போ இருக்கும், அது சத்தம். உன் டெக் மோனோ என்றால் சத்தத்துக்கு ஒரே பின்தான், அதை டிவியின் வெள்ளையில் கொடுத்தால் போதும். புது டிவியில் மூன்று கலர் ஓட்டைகள் இல்லையென்றால், ஹெட்போன் குத்துகிற மாதிரி ஏவி என்று எழுதிய சின்ன ஓட்டை இருக்கிறதா என்று தடவிப் பார். இருந்தால் ஒரு பக்கம் அந்தச் சின்னப் பின்னும் மறுபக்கம் மூன்று கலரும் உள்ள ஒயர் வாங்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்தப் பின்னில் எந்த வளையம் படத்துக்கு, எந்த வளையம் சத்தத்துக்கு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. எனக்கு முதலில் படமே இல்லை, ஸ்பீக்கரில் உர்ரென்ற சத்தம் மட்டும். மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிக் குத்தியதும் படம் வந்துவிட்டது.

சின்ன ஓட்டையும் இல்லையென்றால் ஏவியை ஹெச்டிஎம்ஐ ஆக மாற்றுகிற பெட்டி ஒன்று வேண்டும். உள்ளங்கை அளவுதான் இருக்கும். வாங்கும்போது "ஏவி டு ஹெச்டிஎம்ஐ" என்றுதான் அதன்மேல் எழுதியிருக்க வேண்டும். பார்க்க அச்சாக ஒரே மாதிரி இருக்கும் "ஹெச்டிஎம்ஐ டு ஏவி" பெட்டி தலைகீழ் வேலை செய்வது, நமக்கு உதவாது. எனக்குக் கடையில் அதைத்தான் கொடுத்தார்கள், இரண்டு நாள் வீணானது. அந்தப் பெட்டிக்கு மொபைல் சார்ஜர் போல 5 வோல்ட் கரண்டும் கொடுக்க வேண்டும்.

அப்புறம் டிவியில் படத்தின் அளவை 4:3 என்று மாற்றிவிடு. இல்லாவிட்டால் ஒல்லியாக இருந்த நம் ஆட்களெல்லாம் அகலமாகத் தெரிவார்கள். படத்தில் புள்ளி புள்ளியாகக் கோடு ஓடினால் டெக்கின் டிராக்கிங்கைத் திருகிப் பார்க்கலாம். டேப் கொஞ்சம் தடுமாறினால்கூடப் புது டிவி நீலத் திரையைக் காட்டி நின்றுவிடும். பழைய பெட்டி டிவி அதைப் பொறுத்துக்கொள்ளும். அதனால்தான் உன் தங்கச்சி எத்தனை தடவை சொல்லியும் எங்கள் பழைய டிவியை நான் போடவில்லை.

சரி, கல்யாணக் கேசட்டுக்கு வருகிறேன். மூன்று மணி நேரம் ஓடியது. முழுக்க சினிமாப் பாட்டு. ஸ்டுடியோவில் எடிட் செய்தபோது நிஜச் சத்தத்தை எடுத்துவிட்டு, மாலை மாற்றும்போது ஒரு பாட்டு, தாலி கட்டும்போது ஒரு பாட்டு என்று ஒட்டிவிட்டார்கள். அந்தக் காலத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் செய்தார்கள், நமக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஒரே ஒரு இடத்தில், ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன், பந்தியில் சில நொடிகள் நிஜச் சத்தம் வந்தது. அதில் எங்கள் அப்பா, "இலை போட்டாச்சா? அங்க இலை போட்டாச்சா?" என்கிறார். அவர் போய்ப் பதினாறு வருடம் ஆகிறது. அந்தக் குரலை அதற்குப் பிறகு அன்றுதான் கேட்டேன்.

டிவி ஸ்பீக்கரில் தெளிவாக இல்லை என்று டெக்கின் சத்த ஒயரை மட்டும் எடுத்து, பழைய ஆம்ப்ளிஃபையரில் ஆக்ஸ் என்று எழுதிய ஓட்டையில் கொடுத்தேன். அடியில் ஒரு இரைச்சல் இருந்தது. டிவியிலிருந்து கேபிள் ஒயரைக் கழற்றியதும் அது நின்றது. அன்று ராத்திரி நானும் அண்ணனும் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டோம்.

எடிட் செய்யாத ஒரிஜினல் கேசட்டையும் ஸ்டுடியோவில் கொடுத்திருந்தார்கள் என்று அண்ணிக்கு ஞாபகம் வந்தது. தேடி எடுத்தோம். யாரோ அதன் ஓரத்தில் சின்னத் துண்டு உடைத்திருந்த இடத்தின் மேல் செலோடேப் ஒட்டி, டிவியில் வந்த கிரிக்கெட் மேட்சை அதில் பதிவு செய்திருந்தார்கள். அந்தத் துண்டு உடைந்திருந்தால் டெக் பதிவு செய்யாது, ஒட்டினால் பதிவு செய்துவிடும். அழகான லேபிள் இல்லாத கேசட் என்பதால் காலியானது என்று நினைத்திருக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உன் அக்கா நலுங்கில் அம்மா பாடினது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. எடிட் செய்த கேசட்டில் அது இருக்காது. லேபிள் இல்லாத கேசட் எதுவாவது அந்தப் பதினொன்றில் இருக்கிறதா பார். இருந்தால் அதன் ஓரத் துண்டை உடனே உடைத்துவிடு. செலோடேப் இருந்தால் பிய்த்துவிடு.

அப்புறம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கீழே வா. டெக்கைப் போர்வையில் சுற்றி பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொள். குளிரிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி இந்த வெக்கைக்கு வந்ததும் உள்ளே நீர் பூக்கும், அந்த ஈரத்தில் டேப் டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். அரை நாள் அப்படியே வைத்துவிட்டுத்தான் பிளக்கில் செருக வேண்டும். மூடியைக் கழற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தாளை நனைத்து டிரம்மில் வைத்துப் பிடித்துக்கொண்டு, டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்றி நான் துடைக்கிறேன். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும், காது பட்ஸ் வைத்தால் பஞ்சு மாட்டும், அதனால் நீ அங்கே எதுவும் முயற்சி செய்யாதே. முதலில் என்னிடம் இருக்கும் பழைய சினிமாக் கேசட்டைப் போட்டு டெக்கைச் சோதிப்போம். அப்புறம் உன்னுடையதில் பூஞ்சை இல்லாததை ஒரு தடவை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டி இளக்கிவிட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளலாம். யுஎஸ்பி கருவி வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு மணி நேரக் கேசட் ஏற ஒரு மணி நேரம் ஆகும், அவசரப்படுத்த முடியாது. ஆகவே இரண்டு நாள் தங்குகிற மாதிரி வா, தங்கச்சியையும் கூட்டி வா.

சனிக்கிழமை காலை பஸ் ஏறினதும் போன் பண்ணு. அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் வண்டியோடு நிற்கிறேன். கேசட்டுகளை பஸ்ஸில் மேலே வைக்காதே, மடியிலேயே வைத்துக்கொள்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை