பச்சை நோட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன் செய்தால் "நல்லா இருக்கேன்ப்பா" என்கிறாய், வைத்துவிடுகிறாய். மூன்று வாரமாக அவ்வளவுதான். சரி, எழுதியாவது பார்ப்போம்.

மாரத்தானுக்கு நீ ஓடும் கணக்கை ஆப்பில் தினமும் பார்க்கிறேன். திங்கள் 12 கிலோமீட்டர், செவ்வாய் 14, புதன் 12, வியாழன் 16. ஓய்வு நாள் என்று ஒன்றையும் காணோம். அதைவிடப் பெரிய தப்பு, எல்லா நாளும் கிலோமீட்டருக்கு ஐந்தரை நிமிடம். அரை மாரத்தானை 1 மணி 48 நிமிடத்தில் முடித்தவளுக்கு (பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அம்மா திட்டுகிறாள்) சாதாரண நாளில் ஆறு நிமிடத்துக்கு மேல் போவதுதான் சரி. கூட ஓடுபவரிடம் மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். வாரத்தில் ஐந்தில் நாலு பங்கு ஓட்டம் அப்படி இருக்கட்டும். வேகம் ஒன்றிரண்டு நாளுக்குப் போதும். மெதுவான நாளை மெதுவாக ஓடத் தெரியாதவர்களுக்கு வேகமான நாளில் காலில் ஒன்றும் மிச்சம் இருக்காது.

மூச்சும் இதயமும் சில வாரத்தில் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் மாதக்கணக்கில்தான் பழகும். இடையில்தான் ஆபத்து. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் முழுக்கப் பரவலாக வலித்தால் இரண்டு நாள் விட்டுப் பார்க்கலாம். ஒரே இடத்தில், விரல் நுனியால் தொட்டுக் காட்டும்படி வலித்தால் ஓடாதே, டாக்டரைப் பார். உனக்குத் தெரியாததா.

அப்புறம் சாப்பாடு. நீளமான ஓட்டத்துக்கு வெறும் வயிற்றோடு போகாதே. உடம்பு சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து முப்பது கிலோமீட்டர் வாக்கில் காலியாகிவிடும், அதற்குப் பிறகு மனத்திடம் எல்லாம் பேச்சுக்குத்தான். முதல் அரை மணி நேரத்திலிருந்தே எதையாவது உள்ளே தள்ளு, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. ஓடாத நாளிலும் சாப்பிடு. ஓடாத நாளில்தான் உடம்பு தன்னைச் சரி செய்துகொள்கிறது.

பதக்கத்தோடு நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாட்ச் வாரைக் கடைசி ஓட்டையில் மாட்டியிருக்கிறாய். அப்படியும் அது மணிக்கட்டில் சரிந்து தொங்குகிறது.

அம்மா உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். அதை நான் எப்படிக் கேட்பது? பொதுவாகச் சொல்கிறேன். நிறைய ஓடும் பெண்களுக்கு மாதாமாதம் வர வேண்டியது நின்றுபோவதுண்டு. பயிற்சி நன்றாக நடக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி இல்லை. வரவைவிடச் செலவு கூடிப்போனதால் உடம்பு ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அடுத்த அடி எலும்பில் விழும். பொதுவாகத்தான் சொல்கிறேன்.

போன வாரம் அலமாரியை ஒழித்தபோது பச்சை நோட்டு கிடைத்தது. அப்போது உனக்குப் பதினாலு வயது. ஒவ்வொரு ஞாயிறும் தேதி, 3000 மீட்டர் நேரம், பக்கத்தில் எடை. ஒரு பக்கத்தில் 43.5. அடுத்த வாரம் 42.8, பக்கத்தில் சிவப்பு மையில் 'நன்று' என்று என் கையெழுத்து. அந்த வாரம் நீ ஒரு நொடிகூடக் குறைக்கவில்லை. மேலே பார்த்து உறுதி செய்துகொண்டேன். அந்த நன்று எடைக்குப் போட்டது.

சனிக்கிழமை ராத்திரி ஆனால் உனக்கு வயிறு சரியிருக்காது. தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்துவிடுவாய். எனக்குத் தெரியும் பாப்பா. ஏன் என்று தெரிந்தும் பேசாமல் இருந்தேன். ஓட்ட நேரம் குறைந்துகொண்டே வந்ததே, அதனால். பிறகு கட்டுப் போட்டு ஆறு வாரம் படுத்திருந்தாயே, அப்போது ஷூ சரியில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். அம்மாவிடம்கூட அதையேதான் சொன்னேன். அவள் நம்பவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

நோட்டைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. அம்மாவிடம் கொடுத்தேன். எல்லாப் பக்கத்தையும் படித்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை.

மாரத்தானுக்கு இன்னும் ஒன்பது வாரம் இருக்கிறது. கடைசி மூன்று வாரம் தூரத்தைக் குறைத்துவிடு, கால் துறுதுறுக்கும், பொறுத்துக்கொள். இந்த ஞாயிறு ஓடாதே. காலையில் கூப்பிடுவேன். நேரம் கேட்க மாட்டேன், எடையும் கேட்க மாட்டேன். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விடுகிறேன். அவள் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்.

அப்பா

பி.கு: நீளமான ஓட்டத்துக்கு முன்னால் சாப்பிட்டுவிட்டுப் போ. மேலேயே எழுதிவிட்டேன் போல. பரவாயில்லை.