குட்டிப் பெட்டிக்குள் எவ்வளவு பணம் போடலாம்?

அன்புள்ள தம்பி,

உன் குட்டிப் பெட்டி கம்ப்யூட்டரைப் புதுப்பிக்க நீ அனுப்பிய இரண்டு பட்டியலையும் பார்த்தேன். ஒன்றில் போர்டு, ப்ராசசர், ரேம் எல்லாமே புதுசு. ப்ராசசர் உட்காரும் ஏஎம்டி சாக்கெட்டான ஏஎம்5-க்கு மாறிவிட்டால் நாலைந்து வருஷத்துக்குக் கவலை இல்லை என்று எழுதியிருக்கிறாய். இன்னொன்றில் ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் மட்டும். இரண்டாவதையே வாங்கு. பெரியம்மா கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

ஏஎம்5 நல்ல சாக்கெட்தான். 2022-இல் வந்தது, 2027-க்கு அப்புறமும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஆனால் அதில் டிடிஆர்5 வகை ரேம் மட்டும்தான் ஏறும். உன்னிடம் இருக்கிற 16 ஜிபி டிடிஆர்4 அதற்கு உதவாது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதில் 2025 கடைசியிலிருந்தே ரேம் விலை எகிறிக் கிடக்கிறது. குட்டிப் பெட்டிக்கான மினி ஐடிஎக்ஸ் போர்டில் ரேமுக்கு இரண்டே ஸ்லாட் என்பதால், இப்போது இரண்டையும் நிரப்பிவிட்டால் அப்புறம் சேர்த்துக்கொள்ளவும் வழியில்லை. நம் ஐயாக்கள் பர்மாத் தேக்கில் தூண் நிறுத்தியது பேரன் காலத்துக்கும் சேர்த்துத்தான். சிலிக்கானுக்கு அந்த ஆயுசு கிடையாது.

உன் பி450 போர்டில் ரைசன் 5 3600-ஐ எடுத்துவிட்டு 5600 போடலாம். இரண்டுமே 65 வாட், இருக்கிற கூலரே போதும். 4 ஜிபி மெமரி உள்ள ஜிடிஎக்ஸ் 1650 கார்டுதான் இப்போது உன்னைத் தடுக்கிறது. அதற்குப் பதில் ஆர்டிஎக்ஸ் 5060 வேண்டாம். அதில் 8 ஜிபிதான், போர்டோடு பேசுவதும் எட்டே லேனில், அதாவது தரவு ஓடும் எட்டே பாதையில். உன் போர்டில் கார்டுக்கான இணைப்பு பழைய பிசிஐஇ 3.0, கார்டின் மெமரி நிரம்பி வழியும்போது அந்த எட்டு லேனில் ஆட்டம் திக்கும். ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி-யில் 16 ஜிபி உள்ளதைப் பார். பதினாறு லேன், 160 வாட். ப்ராசசர் முழுமூச்சில் ஓடினாலும் இரண்டும் சேர்ந்து சுமார் 250 வாட், உன் 450 வாட் எஸ்எஃப்எக்ஸ் (சிறிய வகை) பவர் சப்ளை தாங்கும். அதே பெயரில் 8 ஜிபி கார்டும் விற்கிறார்கள், டப்பாவைப் பார்த்து வாங்கு. கூடப் போடும் காசு அந்த மெமரிக்குத்தான் போகட்டும். நாளை நீ ஏஎம்5-க்கே போனாலும் கார்டு கூடவே வரும்.

சித்திரை வெயிலை உன் பட்டியல் இரண்டுமே கணக்கில் எடுக்கவில்லை. மாடி அறையில் வைத்தால் பெட்டி உள்ளே இழுப்பதே சூடான காற்று. கீழே இரண்டாங்கட்டுக்குக் கொண்டுவா, சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடிக் கல்லும் உள்ள அறையில் வித்தியாசம் தெரியும். நடுமுற்றத்தைச் சுற்றிய வளவுத் தாழ்வாரத்தில் மட்டும் வேண்டாம், மழை வந்தால் சாரல் நேராகப் பெட்டிக்குள்தான். கார்டு இழுக்கும் மின்சாரத்தின் வரம்பை (பவர் லிமிட்) கொஞ்சம் குறைத்து வை. வேகம் பெரிதாகக் குறையாது, ஃபேன் சத்தம் நன்றாகவே குறையும். செம்மண் தூசி ஃபில்டரில் படிவதை நீயே பார்த்திருப்பாய்.

பிரிக்கும்போது ஒழுங்கு முக்கியம். புது ப்ராசசரைப் போர்டு அடையாளம் காண, 3600 உள்ளே இருக்கும்போதே பயாஸை (போர்டை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய். பாதியில் கரண்ட் போனால் போர்டு செத்தே போகலாம், அதனால் யூபிஎஸ் இல்லாமல் தொடாதே, மாதாந்திர மின்தடை நாளில் கண்டிப்பாக வேண்டாம். கூலரைக் கழற்றுமுன் கொஞ்ச நேரம் ஏதாவது கேம் ஓட்டு. கூலருக்கும் ப்ராசசருக்கும் நடுவிலுள்ள பேஸ்ட் இளகியதும் மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி எடு. ஆறிப்போன கூலரை நேராக மேலே இழுத்தால் ப்ராசசரும் ஒட்டிக்கொண்டு சாக்கெட்டைவிட்டுப் பிய்ந்து வரலாம், அதன் அடியிலுள்ள ஊசி போன்ற பின்கள் வளைந்துவிடும்.

அடுத்த வாரம் பல்லவன் ரயிலில் சென்னை போகிறேன், கம்ப்யூட்டர் கடைகள் உள்ள ரிச்சி தெருவுக்கும் போவேன். அதற்குள் பெட்டியைத் திறந்து, கார்டு உட்காரும் இடத்தின் நீளத்தையும் தடிமனையும் டேப் வைத்து அள. பவர் கேபிள் வளைவதற்கும் இடம் விட்டு எடு. படத்தோடு வாட்ஸ்அப்பில் அனுப்பு. அளவு இல்லாமல் நான் எந்தக் கார்டுக்கும் காசு கொடுக்கமாட்டேன்.

அன்புடன்,
அண்ணன்