394-ஆவது பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பீத்தோவனின் எரோய்க்கா சிம்பொனி பற்றிய உன் கட்டுரையின் முதல் பக்கம் வந்தது. நெப்போலியன் போனபார்ட் பேரரசனான சேதி கேட்டு பீத்தோவன் அவன் பெயர் எழுதிய முகப்புத் தாளைக் கிழித்தெறிந்தார் என்று, பக்கத்தில் நின்று பார்த்தவள் மாதிரி ஆரம்பித்திருக்கிறாய். அதைச் சொன்னது யார் என்று ஒரு வார்த்தைகூட இல்லையே!

சொன்னவர் பீத்தோவனின் மாணவர் ஃபெர்டினாண்ட் ரீஸ். சம்பவம் 1804-இல், ரீஸின் குறிப்புகள் அச்சானது 1838-இல். வியன்னாவில், நீ இருக்கும் ஊரிலேயே, இந்த சிம்பொனியின் அந்தக் காலத்து நகல் ஒன்று இருக்கிறது. அதன் முகப்பு கிழிக்கப்படவில்லை. போனபார்ட் பெயர் இருந்த இடத்தைச் சுரண்டிச் சுரண்டித் தாளே ஓட்டையாகியிருக்கிறது. உடனே ரீஸைப் பொய்யராக்கிவிடாதே. பீத்தோவன் கைப்பட எழுதிய மூலப்பிரதி கிடைக்கவில்லை, கிழிபட்டது அதன் தாளாக இருக்கலாம். எனக்கு இதைவிடச் சுவாரசியமாகத் தெரிவது வேறு. மே மாதம் நெப்போலியன் பேரரசன் ஆகிறான். ஆகஸ்ட் 26 அன்று பதிப்பாளருக்கு எழுதும்போதும், இந்த சிம்பொனியின் தலைப்பு உண்மையில் போனபார்ட் என்றே சொல்கிறார் பீத்தோவன். கோபம் எங்கே போயிற்று? இடையில் பீத்தோவனின் புரவலர் இளவரசர் லோப்கோவிட்ஸ் காசு கொடுத்து இசையை வாங்கியதையும் சேர்த்து யோசி. 1806-இல் அச்சானபோது ‘ஒரு பெரிய மனிதரின் நினைவைக் கொண்டாட’ என்று மட்டும் இருந்தது. யார் என்று இல்லை.

சரி, இதற்கு ஒரு பக்கம் போதும். நீ படிப்பது இசை, அரசியல் இல்லை.

மிச்சப் பக்கங்களை சிம்பொனியின் முதல் பகுதிக்குக் கொடு. ஸ்கோரை (முழு இசைத்தாளை) விரித்து 394-ஆவது பாரை, அதாவது தாளக் கட்டத்தை, கவனி. வயலின்கள் இன்னும் முடிவுக்கு வராமல் நடுங்கிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது ஹார்ன் முதல் தீமை, அதாவது ஆரம்ப மெட்டை, வாசிக்கத் தொடங்கிவிடும். நான்கு பார் கழித்துத்தான் அது முறைப்படி திரும்புகிறது. முதல் ஒத்திகையில் ஹார்ன்காரர் எண்ணிக்கையைத் தவறவிட்டுவிட்டார் என்று ரீஸ் திட்ட, பீத்தோவன் அவரை அறையப் போய்விட்டாராம். அடி வாங்கப் பார்த்தவரே எழுதி வைத்த கதை என்பதால், இதில் ரீஸை நான் கொஞ்சம் கூடுதலாக நம்புவேன்.

அப்புறம் 7-ஆவது பாரில் செல்லோ இறங்கும் சி ஷார்ப். சிம்பொனியின் ஸ்வர வரிசையான ஈ ஃபிளாட் மேஜரில் இல்லாத ஸ்வரம் அது, அங்கே அதற்கு என்ன வேலை? ஆரம்பத்தில் அங்கிருந்து மேலே டி-க்கு ஏறுகிறது. தீம் திரும்பி வரும்போது அதே ஸ்வரம் கீழே சி-க்கு இறங்க, அடுத்து ஹார்ன் எஃப் மேஜரில் பாடுகிறது. அத்தனை நூறு பார் தள்ளி அந்த ஸ்வரத்துக்குக் கணக்குத் தீர்க்கிறார் மனிதர். உன் கட்டுரை இதில் நிற்கட்டும்.

லோப்கோவிட்ஸ் அரண்மனை இப்போது நாடக அருங்காட்சியகம். அங்கே எரோய்க்கா அரங்கு என்றே ஒன்று உண்டு. 1805 ஏப்ரல் 7 அன்று பொதுமக்கள் கேட்பதற்கு முன்பே இளவரசர் வீட்டில் இதை வாசித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு நாள் போய் அந்த அறையின் அளவைப் பார். சிம்பொனி தொடங்கும்போது மொத்த வாத்தியங்களும் சேர்ந்து அடிக்கும் முதல் இரண்டு அடியும் அதற்குள் எப்படி இடித்திருக்கும் என்று கட்டுரையில் எழுதலாம்.

திருத்தியதை அனுப்பு, ரீஸ் பெயரோடு. பருப்புப்பொடி தீர்ந்துவிட்டதா என்று அம்மா கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பா