ருமேனியத் தலைவர்கள் பதவி இறங்கிய விதம்: நண்பருக்கு ஒரு கடிதம்

கும்பகோணம்,
ஆகஸ்ட் 2025

அன்புள்ள நண்பர் சிவராமன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. அண்ணியின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததும், மகனுக்கு ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் வேலையோடு வீடும் அமைந்துவிட்டதும் மனத்துக்கு நிறைவாக இருந்தன. இங்கே அனைவரும் நலம். அலுவலகத்தில் யாரும் குடியரசுத் தலைவரைப் பற்றி ஒரு நல்ல சொல் சொல்வதில்லை என்று மகன் வியந்ததாகவும், சென்ற ஆண்டு அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் குடியரசுத் தலைவர் தேர்தலை ரத்து செய்தது சரியே என்று நீங்கள் கருதுவதாகவும் எழுதியிருந்தீர்கள். இவ்விரண்டைப் பற்றியும் சற்று விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றிற்று. இம்மாதம் 5ஆம் தேதி முன்னாள் குடியரசுத் தலைவர் இயோன் இலியெஸ்கு தமது 95ஆம் வயதில் காலமான செய்தியைப் படித்ததிலிருந்து அந்நாட்டின் வரலாற்றையே மறுபடியும் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

ருமேனியாவில் ஆட்சித் தலைவர்கள் எப்படி வந்தார்கள் என்பதைவிட எப்படி இறங்கினார்கள் என்பதைப் பார்த்தால்தான் அந்த மக்களின் அவநம்பிக்கை நமக்குப் புரிகிறது. மால்டேவியா, வலாக்கியா என்ற இரண்டு சிற்றரசுகளும் 1859இல் ஒரே மனிதரைத் தம் தலைவராகத் தேர்ந்தெடுத்ததால் நவீன ருமேனியா பிறந்தது. அந்த மனிதரான அலெக்ஸாண்ட்ரு இயோன் கூசா மடங்களின் நிலங்களை அரசுடைமையாக்கி, 1864இல் குடியானவர்களுக்கு நிலம் வழங்கும் சட்டத்தையும் கொண்டுவந்தார். இரண்டே ஆண்டுகளில், ஒரு நள்ளிரவில் படை அதிகாரிகள் அவரது அறைக்குள் புகுந்து பதவி விலகல் கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அவர் அயல்நாட்டிலேயே இறந்தார். முதல் தலைவருக்கே இந்த முடிவு.

அவருக்குப் பின் ஜெர்மானிய ஹோஹென்ஸோலர்ன் குடும்பத்திலிருந்து வந்த முதலாம் கரோல் மாற்றுப் பெயரில் ரயிலேறி ஆஸ்திரியாவைக் கடந்து 1866 மே மாதம் புக்கரெஸ்டை அடைந்தார். 48 ஆண்டுகள் ஆட்சியில் இருந்து, துருக்கியரிடமிருந்து விடுதலையையும் 1881இல் முடியரசு என்ற தகுதியையும் பெற்றுத் தந்தார். பிளெவ்னா போரில் கைப்பற்றிய துருக்கிப் பீரங்கியின் எஃகில் அவருக்கு முடி செய்தார்கள். அவரும், 1918இல் திரான்சில்வேனியா ருமேனியாவுடன் இணையும்போது அரியணையில் இருந்த அவரது அண்ணன் மகன் ஃபெர்டினாண்டும் பதவியிலேயே இயற்கையாக மறைந்தார்கள். நல்ல சாவு என்று நாம் சொல்வது அந்நாட்டு அரசர்களில் இவ்விருவருக்கு மட்டுமே பதவியோடு சேர்ந்து வாய்த்தது. ஃபெர்டினாண்டின் மகன் இரண்டாம் கரோல் 1925இல் அரியணை உரிமையைத் துறந்து, 1930இல் திரும்பிவந்து, தன் எட்டு வயது மகன் மிஹாயிடமிருந்தே அரியணையை எடுத்துக்கொண்டு, 1938இல் கட்சிகளை ஒழித்துத் தனியாட்சி நடத்தினார். 1940இல் சில மாதங்களுக்குள் நாட்டின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதி சோவியத் யூனியனுக்கும் ஹங்கேரிக்கும் பல்கேரியாவுக்கும் போய்விட, ரயிலில் நாட்டைவிட்டு வெளியேறினார்.

மிஹாய் மன்னரைப் பற்றி மட்டும் நிறைய எழுத விரும்புகிறேன், ஏனெனில் இந்த வரிசையில் என் உள்ளத்தைத் தொட்டவர் அவரே. 1944 ஆகஸ்ட் 23 அன்று, ஹிட்லரின் கூட்டாளியாக நாட்டை ஆண்ட மார்ஷல் அன்டோனெஸ்குவை அரண்மனைக்கு அழைத்து, போர்நிறுத்தத்துக்கு அவர் இணங்க மறுத்ததும் அங்கேயே கைது செய்வித்தார். அப்போது மன்னருக்கு 22 வயது. அந்தச் சர்வாதிகாரியைப் பூட்டிவைத்த அறை, தந்தை கரோல் தமது அஞ்சல்தலைச் சேகரிப்பைப் பாதுகாத்துவைத்த இரும்பறை. அன்றிரவே ருமேனியா அணி மாறியது. அடுத்த ஆண்டு, சோவியத் ஆதரவுடன் அமைந்த பெட்ரு குரோசாவின் அரசு பதவி விலகவேண்டும் என்று அவர் கேட்டதை அது மறுத்தபோது, அதன் சட்டங்களில் கையெழுத்திடாமல் மாதக்கணக்கில் இருந்தார். 1947 நவம்பரில் இளவரசி எலிசபெத்தின் திருமணத்துக்காக லண்டன் சென்றவரை அங்கேயே தங்கிவிடுமாறு பலர் வற்புறுத்தியும் அவர் திரும்பினார். டிசம்பர் 30 அன்று புக்கரெஸ்டில் உள்ள எலிசபெத்தா அரண்மனையைப் படைகள் சூழ்ந்திருக்க, தொலைபேசிக் கம்பிகள் துண்டிக்கப்பட்டிருக்க, குரோசாவும் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் கியோர்கியு-டேஷும் அரியணைத் துறப்புப் பத்திரத்தை அவர் முன் வைத்தார்கள். கையெழுத்திட மறுத்தால் சிறையிலுள்ள மாணவர்கள் கொல்லப்படுவார்கள் என்று மிரட்டப்பட்டதாக மிஹாய் பின்னாளில் கூறினார். அவர் கையெழுத்திட்டுவிட்டுச் சில நாட்களில் நாட்டைவிட்டுப் போனார்.

அதன்பின் வந்த இருபது ஆண்டுகளில் அரசின் தலைவர் என்ற பெயரை மருத்துவப் பேராசிரியர் பர்ஹோன் முதல் சிலர் மாறிமாறித் தாங்கினாலும், அதிகாரம் முழுவதும் கட்சித் தலைமையிடமே இருந்தது. அவர்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

இன்று கோட்ரோசெனி அரண்மனையில் இருக்கும் குடியரசுத் தலைவர் பதவி என்பது கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் நிக்கோலாயே சௌஷெஸ்கு தமக்காக ஏற்படுத்திக்கொண்டது என்பதை உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள். 1974 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் அவர் செங்கோலைக் கையில் ஏந்திப் பதவியேற்றார். ஸ்பானிய ஓவியர் டாலி அதைப் பாராட்டுவதுபோல் கேலியாக அனுப்பிய தந்தியைக் கட்சி நாளேடு உண்மை வாழ்த்தாகவே அச்சிட்டது. 1968இல் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் படைகள் நுழைந்ததை அதே மனிதர் பால்கனியில் நின்று துணிவோடு கண்டித்தபோது, மக்கள் மனமார அவரைக் கொண்டாடினார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அதற்கு முன்பே, 1966இல் கருக்கலைப்பைத் தடைசெய்த ஆணையால் ஆயிரக்கணக்கான பெண்கள் இரகசியக் கருக்கலைப்பில் உயிரிழந்தார்கள். எண்பதுகளில் வெளிநாட்டுக் கடனை முழுவதும் அடைத்துத் தீர்ப்பதற்காக உணவுப் பொருள்களை ஏற்றுமதி செய்து, மக்களை ரொட்டிக்கு வரிசையிலும் குளிர்காலத்தில் கணப்பில்லாத வீட்டிலும் வாட்டினார்.

1989 டிசம்பர் 21 அன்றைய காட்சிப் பதிவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். திமிஷோரா நகரில் சில நாட்களுக்கு முன் மக்கள் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார்கள். அதைத் தணிக்கக் கூட்டப்பட்ட கூட்டத்தின் முன் அவர் பேசிக்கொண்டிருக்கையில் எங்கிருந்தோ கூச்சல் எழுகிறது. அவர் பேச்சை நிறுத்தி, வலக்கையை உயர்த்தி, தொலைபேசியில் குரல் கேட்காதவர்போல் "அலோ, அலோ" என்கிறார். ஒளிபரப்பு சிறிது நேரம் துண்டிக்கப்படுகிறது. மீண்டும் தோன்றும்போது சம்பள உயர்வை அறிவிக்கிறார். இருபதாண்டுகள் கைதட்டலை மட்டுமே கேட்டுப் பழகிய முகத்தில் அந்தச் சில விநாடிகளில் தோன்றும் குழப்பம் எனக்கு எத்தனை முறை பார்த்தாலும் நடுக்கத்தைத் தருகிறது. மறுநாள் கட்சிக் கட்டடத்தின் மொட்டைமாடியிலிருந்து ஹெலிகாப்டரில் தப்பினார். 25ஆம் தேதி தர்கோவிஷ்டேயில் அவசர விசாரணைக்குப் பின் அவரும் மனைவி எலெனாவும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அந்த நாட்களில் உயிரிழந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் அவர் தப்பியோடிய பிறகு இறந்தவர்கள் என்ற உண்மைதான் இலியெஸ்குவின் பெயரோடு கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்தது.

ஏனெனில் 22ஆம் தேதிக்குப் பின் அதிகாரம் இலியெஸ்குவின் கையில்தான் இருந்தது. அவர் பழைய கட்சிக்காரர், சௌஷெஸ்குவால் ஓரங்கட்டப்பட்டவர். 1990 மே மாதத் தேர்தலில் 85 விழுக்காடு வாக்குகளோடு வென்றவர், அடுத்த மாதமே பல்கலைக்கழகச் சதுக்கத்தில் போராடிய மாணவர்களையும் மற்றவர்களையும் ஜியூ பள்ளத்தாக்கின் சுரங்கத் தொழிலாளர்கள் வந்து தடிகளால் அடித்து நொறுக்கியபோது, அவர்களுக்கு வெளிப்படையாக நன்றி கூறினார். முன்னோர் கல்லறைகளைத் தரிசிக்க அதே ஆண்டு டிசம்பரில் கூர்டெயா டே அர்ஜெஷுக்குப் புறப்பட்ட மிஹாய் மன்னரை நெடுஞ்சாலையில் மறித்து நாட்டைவிட்டே அனுப்பியதும் அவர் காலத்தில்தான். சௌஷெஸ்கு வீழ்ந்த நாட்களின் சாவுகளுக்காகவும் 1990 ஜூன் வன்முறைக்காகவும் மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் சாட்டப்பட்டு, தீர்ப்பு எதுவும் வராமலே அவர் போய்ச் சேர்ந்தார். அந்தக் குடும்பங்களை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

ஆயினும் இதே இலியெஸ்குவின் ஒரு செயலை நான் மிகவும் மதிக்கிறேன். 1996 நவம்பரில் நிலவியல் பேராசிரியரான எமில் கான்ஸ்டான்டினெஸ்குவிடம் தோற்றதும், அவர் தோல்வியை ஏற்று அரண்மனையைக் காலி செய்தார். 1859 முதல் அதுவரை அந்நாட்டில் ஆட்சித் தலைவர் ஒருவர் வாக்குச்சீட்டால் தோற்று இறங்கியதே இல்லை. படை, கட்சி, அயல்நாடு அல்லது மரணம் செய்துவந்த வேலையை முதன்முறையாக வாக்காளர் செய்தார்கள். 2000இல் மீண்டும் வென்றவர் 2004இல் பதவிக்காலம் முடிந்து அமைதியாகவே போனார். போகிற போக்கில் சுரங்கத் தொழிலாளர் தலைவர் மிரோன் கோஸ்மாவுக்குப் பொதுமன்னிப்பு அளித்து, எதிர்ப்பு வெடித்ததும் உடனே அதைத் திரும்பப்பெற்றது அவர் வாழ்க்கையின் முரண்களுக்கு ஏற்றதாகவே இருந்தது. கான்ஸ்டான்டினெஸ்குவோ 2000இல் மறுபடி போட்டியிட மறுத்து, பழைய உளவுத்துறை அமைப்புகள் தம்மைத் தோற்கடித்துவிட்டன என்று மனம் வெதும்பி ஒதுங்கினார்.

2004இல் இலியெஸ்குவுக்கு அடுத்து வந்த, முன்னாள் கப்பல் கேப்டனான டிராயன் பசெஸ்குவை நாடாளுமன்றம் இருமுறை இடைநீக்கம் செய்தது. 2007இல் வாக்களித்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் அவர் தொடர வேண்டும் என்றார்கள். 2012இல் வாக்களித்தவர்களில் 87 விழுக்காட்டினர் அவரை நீக்கச் சொல்லியும், வாக்களித்தோர் எண்ணிக்கை மொத்த வாக்காளர்களில் பாதியை எட்டாததால் அவர் திரும்பிவந்தார். பல லட்சம் பேர் போகச் சொன்ன பிறகும் அவர் அங்கேயே அமர்ந்திருந்ததைச் சட்டம் அனுமதித்தது. பலருக்கு மனம் ஒப்பவில்லை. உங்கள் மகன் அலுவலகத்தில் கேட்கும் கசப்பின் ஒரு பகுதி அங்கேதான் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

இனி நம் கருத்து வேறுபாட்டுக்கு வருகிறேன். 2024 நவம்பர் 24 முதல் சுற்றில், பிரசாரச் செலவே இல்லை என்று கணக்குக் காட்டிய, டிக்டாக் வழியாக மட்டுமே பரவலாக அறிமுகமான கலின் ஜார்ஜெஸ்கு முதலிடம் பெற்றார். வெளிநாட்டுத் தலையீடு பற்றிய உளவு ஆவணங்கள் வெளியானதும், டிசம்பர் 6 அன்று நீதிமன்றம் முழுத் தேர்தலையும் ரத்து செய்தது. அந்த வேளையில் வெளிநாடுகளில் வாழும் ருமேனியர்கள் இரண்டாம் சுற்றுக்கு வாக்களிக்கத் தொடங்கிவிட்டிருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். வாக்குச்சாவடியில் சீட்டைப் போட்டுவிட்டு வெளியே வந்தவர், தம் வாக்கு செல்லாது என்ற செய்தியைத் தெருவிலேயே கேட்டிருப்பார். பதவிக்காலம் முடிந்தும் தொடர்ந்த குடியரசுத் தலைவர் கிளாவுஸ் யோஹான்னிஸ், நாடாளுமன்றம் தம்மை நீக்க முனைவதைக் கண்டு பிப்ரவரியில் விலகினார். செனட் தலைவர் இலியே போலோஜான் இடைக்காலப் பொறுப்பேற்றார்.

மோசடியான பிரசாரத்தை நீதிமன்றம் வேடிக்கை பார்த்திருக்க முடியாது என்ற உங்கள் வாதத்தில் நியாயம் உண்டு. எனினும், வாக்காளரால் தலைவர்களை மாற்ற முடியும் என்று 1996க்குப் பின்னர்தான் நம்பத் தொடங்கிய மக்களிடம், எண்ணி முடித்த வாக்குகளை வேறொருவர் அழிக்க முடியும் என்று காட்டியது பெரிய விலை. ஆதாரங்களை முதல் சுற்றுக்கு முன்பே மக்கள் முன் வைத்திருக்க வேண்டியது அரசின் கடமை. அந்தக் கடமை தவறியதன் சுமையை வாக்காளர் தலையில் ஏற்றினார்கள் என்றே நான் கருதுகிறேன்.

இவ்வாண்டு மே 18 அன்று நடந்த மறுதேர்தலின் இரண்டாம் சுற்றில், முதல் சுற்றில் வெகு தூரம் பின்தங்கியிருந்த புக்கரெஸ்ட் மேயர் நிகுஷோர் டான் ஏறத்தாழ 54 விழுக்காடு வாக்குகளுடன் ஜார்ஜெஸ்குவை ஆதரித்த தேசியவாதக் கட்சித் தலைவர் ஜார்ஜ் சிமியோனை வென்றது எனக்கு மகிழ்ச்சியே. பள்ளிப் பருவத்தில் பன்னாட்டுக் கணித ஒலிம்பியாடில் இருமுறை முழு மதிப்பெண் பெற்ற மனிதர் அவர். ஆனால் எதிராக வாக்களித்த 46 விழுக்காட்டினரில் எத்தனை பேர் டிசம்பரில் தம் வாக்கு பறிபோனதாக எண்ணுகிறார்கள் என்பதுதான் என்னை அரிக்கும் கேள்வி. உங்கள் மகன் தன் அலுவலகத்தில் வயதில் மூத்த யாரிடமாவது 1996 நவம்பர் இரவையும் 2024 டிசம்பர் 6ஐயும் எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு எழுதட்டும். அந்தப் பதிலையும் நீங்கள் எனக்கு எதிராகச் சொல்ல வேண்டியதையும் சேர்த்தே அனுப்புங்கள். அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ராகவன்