பட்டிக்கு முன்னால் தகடு

தூத்துக்குடி,
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பேத்தி அழாமல் பள்ளிக்கூடம் போகிறாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே உன் தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏறுகிறாள். அந்தக் கவலை தீர்ந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுடைய மாருதி 800-ஐ வெளியே எடுத்து, ஓட்டையெல்லாம் பட்டி என்கிற நிரப்புப் பசையை வைத்து அடைத்து பெயிண்ட் அடிக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். நாலு நாளில் முடித்துத் தருகிறேன் என்று பட்டறையில் சொன்னார்களாம். முன்பணம் கொடுத்துவிடாதே. முதலில் என் கதையைக் கேள்.

என் அம்பாசிடரில் டிரைவர் பக்கக் கதவுக்குக் கீழே துரு அரித்து உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்திருந்தது. இங்கே உப்புக்காற்று, கேட்கவா வேண்டும். ஒரு பட்டறையில் விட்டேன். பளபளவென்று வந்தது. ஐப்பசியில் மழை பிடித்தது. கார்த்திகை முடிவதற்குள் அந்த இடத்தில் பெயிண்ட் கொப்புளித்தது. கட்டைவிரலால் அழுத்தினேன், தண்ணீர் கசிந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் தடிமனான அடை மாதிரி ஒரு துண்டு அப்படியே பெயர்ந்து கையில் வந்தது. உள்ளே என்ன தெரியுமா? சுருட்டித் திணித்த செய்தித்தாள். எழுத்து கூட அழியவில்லை. காகிதத்தைத் திணித்து, அதன் மேல் பட்டியை அப்பியிருக்கிறார்கள். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம்தான் ஒரு பெரியவர் கிடைத்தார். நாற்பது வருஷமாக டிங்கர் வேலை, அதாவது வண்டியின் நசுங்கிய தகட்டைச் சீராக்குகிற வேலை. எட்டு நாள் அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். துரு பிடித்த தகட்டின் மேல் பட்டி வைக்கவே கூடாது என்றார். மூடி வைத்தாலும் துரு அடியில் வளர்ந்துகொண்டேதான் இருக்கும். அதோடு பட்டி ஈரத்தை உறிஞ்சும். அதனால் துருவேறிய பகுதியை நல்ல இரும்பு தெரிகிறவரை வெட்டி எடுத்தார். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, புதுத் தகட்டை அளவாக வெட்டி வைத்து வெல்டிங். ஒரே கோடாக இழுக்கவில்லை. இங்கே ஒரு பொட்டு, எதிர் மூலையில் ஒரு பொட்டு, சூடு ஆறவிட்டு அடுத்தது. ஒரே இடத்தில் சூடேறினால் தகடு நெளிந்துவிடும். உன் மாருதியின் தகடு அம்பாசிடரை விட மெல்லிசு, அங்கே இன்னும் பொறுமை வேண்டும்.

ஒடுக்கு எடுக்கிற வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மட்கார்டில் ஒரு பெரிய ஒடுக்கு. நான் நடுப்பள்ளத்தில் அடிப்பார் என்று நினைத்தேன். அவர் உள்பக்கம் பள்ளத்துக்கு நேராக இரும்புக் கட்டையை முட்டுக்கொடுத்துக்கொண்டு, வெளியே சுற்றிலும் எழும்பியிருந்த வரம்பை மெதுவாகத் தட்டினார். வரம்பு இறங்க இறங்கப் பள்ளம் தானாக மேலே வந்தது. ஓங்கி அடித்தால் தகடு நீண்டுவிடுமாம். அப்படி நீண்ட ஓரிடம் டப்பா மூடி மாதிரி உள்ளே வெளியே என்று டப் டப் என்றது. அதை ஒரு ரூபாய் நாணய அகலத்துக்குச் சிவக்கக் காய்ச்சி, தட்டி, ஈரத்துணியால் ஒற்றினார். இறுகிவிட்டது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கைக்கும் தகட்டுக்கும் நடுவே மெல்லிய துணியை வைத்து நீளவாக்கில் தடவிப் பார்த்தார். கண்ணுக்குத் தப்புகிற மேடுபள்ளம் கைக்குத் தப்பாது. என் கையையும் பிடித்து வைத்துக் காட்டினார். முதல் நாள் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நாலாம் நாள் தெரிந்தது மாப்ளே!

இதெல்லாம் முடிந்த பிறகுதான் பட்டி. 80 நம்பர் உப்புத்தாளால் கீறிவிட்டு, தூசி எண்ணெய் இல்லாமல் துடைத்து, 100 கிராம் பட்டிக்கு, அதை இறுக வைக்கிற ஹார்டனர் 2 கிராம் கலந்தார். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரை அள்ளிப் போட்டால் பின்னால் பெயிண்டில் கறையாகத் தெரியும். குறைத்தால் இறுகாது. நம் ஊர் வெயிலில் நாலைந்து நிமிஷத்தில் கெட்டியாகிவிடும் என்பதால் ஒரு கைக்கு வேண்டியதை மட்டும் கலந்துகொண்டார். தேய்த்து முடிந்தபின் மிஞ்சியது 2, 3 மில்லிமீட்டர் கனம்தான். அதற்கு மேல் தேவைப்பட்டால் ஒடுக்கு சரியாக எடுக்கவில்லை என்று அர்த்தம்.

பட்டி தேய்த்த அன்றே பிரைமர் என்கிற அடிப்பூச்சை அடித்துவிட்டார், ராத்திரிப் பனியில் விடவில்லை. பிரைமர் காய்ந்ததும் மேலே கறுப்புப் பெயிண்டைப் புகை மாதிரி லேசாகத் தூவி, மறுபடி தேய்த்தார். பள்ளத்தில் மட்டும் கறுப்பு அப்படியே நின்றது. அங்கேயெல்லாம் திரும்ப வேலை.

வெல்டிங் வைத்த இடத்தின் உள்பக்கத்துக்கும் பிரைமர் அடிக்கச் சொல்லு. கதவின் அடியில் தண்ணீர் வடிகிற சின்னத் துளைகள் இருக்கும். மண் அடைத்திருந்தால் குத்தி விடு. தண்ணீர் தேங்கி உள்ளிருந்துதான் துரு ஆரம்பிக்கிறது.

ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, வண்டி முழுக்க ஓட்டிப் பார். எங்கே ஒட்டாமல் நழுவுகிறதோ அங்கே ஏற்கெனவே யாரோ கனமாகப் பட்டி அப்பியிருக்கிறார்கள். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு எனக்கு எழுது. தை பிறந்ததும் நான் அங்கே வருகிறேன், இரண்டு பேருமாக நல்ல டிங்கர் ஒருவரைத் தேடுவோம். அதுவரை வண்டியை மழையில் நிறுத்தாதே. அப்பா உட்கார்ந்து ஓட்டிய வண்டி அது.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் மச்சான்