பாடியவர் பெயரைச் சொல்லுங்கள்

ஞாயிறு காலை பழைய பாடல் நிகழ்ச்சியை நடத்தும் வானொலிப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் ‘ஹரிதாஸ்’ படப் பாட்டு ஒன்றைப் போட்டீர்கள். அதற்கு நன்றி. முடிந்ததும் உங்கள் அறிவிப்பாளர், “பாடியவர் டி. ஆர். ராஜகுமாரி” என்று, அதில் நடித்த இன்னொருவரின் பெயரைச் சொன்னார்.

என் அம்மாவுக்கு 88 வயது. பார்வை போய் ஆறு வருடமாகிறது. காதும் அந்த ரேடியோவும்தான் அவருக்குத் துணை. “இது வசந்தகோகிலம்டா. போன் போட்டுச் சொல்லு” என்றார். மூன்று முறை போட்டேன். “நோட் பண்ணிக்கிறோம் சார்” என்றார்கள். புதன்கிழமை மறுஒலிபரப்பிலும் அதே பெயர். அம்மா ஒன்றும் பேசவில்லை. ரேடியோவை அணைக்கச் சொன்னார்.

என். சி. வசந்தகோகிலம் யாரென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1938இல் மியூசிக் அகாடமி போட்டியில் முதல் பரிசு வாங்கியவர். சென்னையில் வானொலி நிலையம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். கச்சேரி, வானொலி, இசைத்தட்டு, சினிமா என்று நான்கிலும் அந்தக் குரல் ஒலித்தது. 1940இல் ‘சந்திரகுப்த சாணக்கியா’, அடுத்த ஆண்டு ‘வேணுகானம்’, பிறகு மூன்று தீபாவளி கண்ட ‘ஹரிதாஸ்’. அதில் கதாநாயகன் எம். கே. தியாகராஜ பாகவதருக்கு மனைவியாக நடித்தவரே இவர்தான். அந்தக் கால இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம் சொச்சம். அதற்குள் ராகத்தின் முழு உருவத்தையும் காட்டிவிடுவார். 1951இல் காசநோய் கொண்டுபோனபோது வயது 32. நகராட்சிப் பூங்கா ரேடியோவுக்கு அடியில் நின்று அம்மா கேட்டு வளர்ந்த குரல் அது.

இவ்வளவு சின்ன ஆயுளில் பாடி வைத்துப் போனவருக்கு, பாட்டோடு பெயரும் சேர்ந்து ஒலிக்க வேண்டாமா? விளம்பரம் கொடுத்தவர் பெயரை ஒரு மணி நேரத்தில் நான்கு தடவை பிசகாமல் சொல்கிறீர்கள். பாட்டெழுதிய பாபநாசம் சிவன் பெயரும் உங்கள் நிகழ்ச்சியில் வருவதில்லை. நடித்தவர் பெயர் போதுமென்று யார் முடிவு செய்தார்கள்? பாடியவரின் பெயரைச் சொல்லுங்கள், சரியாகச் சொல்லுங்கள். இதைத்தான் மூன்று முறை போனிலும் கேட்டேன்.

கோபத்தில் எழுதிவிட்டேன்; பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து வரும் ஞாயிறு அதே பாட்டை ஒருமுறை போட்டு, “பாடியவர் என். சி. வசந்தகோகிலம்” என்று அறிவியுங்கள். ஏழு மணிக்கு ரேடியோவை அம்மாவின் தலைமாட்டில் வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
நெடுநாள் நேயர் ஒருவர்