சமச்சீர் உடையும்போது

ஆசிரியர் அவர்களுக்கு,

சமச்சீர் பற்றி எழுதும் அறிவியல் கட்டுரைகள் பனித்துகள், பட்டாம்பூச்சி என்று அழகோடு நின்றுவிடுகின்றன. பொறியியல் மாணவர்களுக்குக் கட்டமைப்பு இயக்கவியல் நடத்தும் எனக்கு இது பெரிய ஆதங்கம். சமச்சீர் எப்போது உடைகிறது என்பதல்லவா முக்கியம்?

மெல்லிய எஃகு அளவுகோலைச் செங்குத்தாக நிறுத்தி மேலிருந்து அழுத்துங்கள். ஓரளவு வரை நேராக நிற்கும். அப்புறம் சட்டென்று பக்கவாட்டில் வளையும். எந்தப் பக்கம் என்று சமன்பாடு சொல்லாது, அதற்கு இரண்டும் ஒன்றே. நேரான நிலை அப்போதும் ஒரு தீர்வுதான், ஆனால் நிலைத்தன்மை இழந்த தீர்வு, அதாவது சிறு அசைவிலேயே கலைந்துவிடும். அந்த எல்லைச் சுமையைக் கணித மேதை ஆய்லர் 1744-லேயே கணக்கிட்டுவிட்டார். நீளம் இரட்டித்தால் தாங்கும் சுமை நாலில் ஒரு பங்காகிவிடும்.

தகர டப்பா போன்ற மெல்லிய உருளை ஓடுகளின் விஷயம் இன்னும் சிக்கலானது. சோதனைகளில், கணக்கு சொன்ன சுமையை எட்டுவதற்கு வெகு முன்பே அவை நசுங்கின. சமச்சீர் மிகுந்த ஓட்டில் பல வளைவு வடிவங்கள் ஏறக்குறைய ஒரே சுமையில் போட்டியிடுகின்றன. அதனால் கண்ணுக்குத் தெரியாத நெளிவுகூட அதன் வலிமையைப் பெரிதும் குறைத்துவிடும். இத்தகைய குறைபாடுகளின் விளைவை டச்சுப் பொறியியலாளர் கோய்ட்டர் 1945-இல் தன் ஆய்வேட்டில் விளக்கினார். டச்சு மொழியில் இருந்ததால் பலரை அது தாமதமாகத்தான் எட்டியது என்பது வருத்தமே.

திரவம், வாயு ஆகிய பாய்மங்களிலும் சமச்சீர் உடைவது உண்டு. ஒன்றுக்குள் ஒன்றான இரு உருளைகளுக்கு நடுவே திரவம். உள் உருளை சுழலும் வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால் சீரான ஓட்டம் குலைந்து, சுழல் வளையங்கள் அடுக்கடுக்காக எழும். இது பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜி.ஐ. டெய்லர் 1923-இல் காட்டியது.

இவற்றைப் படங்களோடு வெளியிடுங்கள். பள்ளி மாணவர்களுக்கே நன்றாகப் புரியும்.

இப்படிக்கு,
ஒரு பொறியியல் ஆசிரியர்